உடைந்த அலைதடுப்புச் சுவரை உலகுக்குக் காட்டுவது: துறைமுகப் பொறியியலில் நாடுகள் கூடி வேலை செய்வதால் என்ன கிடைத்தது?

கரையோரம்:

வணக்கம். துறைமுக வடிவமைப்பில் இரண்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். கப்பல் உள்ளே வரும் கால்வாய்க்கு அகலமும் ஆழமும் கணக்கிடுவதுதான் இப்போதைக்கு என் பொறுப்பு. அதற்காக என் மேசையில் எந்நேரமும் திறந்து கிடப்பது பியாங்க் அமைப்பின் (துறைமுகம், நீர்வழிப் பொறியியலுக்காகப் பல நாடுகள் சேர்ந்து நடத்தும் அமைப்பு) 121-ஆம் அறிக்கை, 2014-இல் வந்தது.

போன வாரம் ஒரு கூட்டத்தில் மூத்த பொறியாளர் ஒருவர், "அது வசதி படைத்த நாடுகள் தங்களுக்காக எழுதிக்கொண்டது. கடலுக்குக் கடல் தண்ணீர் வேறு, மண் வேறு" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதே வாரத்தில் வேறொருவர், அதே அமைப்பில் புதிதாக அமையப்போகும் ஒரு பணிக்குழுவில் இளம் பொறியாளராகச் சேர விண்ணப்பிக்கச் சொன்னார். சம்பளம் கிடையாது. வேலை நேரம் போக மூன்று நான்கு ஆண்டு உழைக்க வேண்டும்.

உழைப்புக்கு அஞ்சவில்லை. ஆனால் அதற்கு முன்னால் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்: நாடுகள் கூடி இப்படி எழுதுவதால் கடலிலோ ஆற்றிலோ உண்மையில் என்ன மாறியிருக்கிறது? மாநாட்டு உரைகளில் வரும் பொதுவான பேச்சு வேண்டாம். இன்ன இடம், இன்ன ஆண்டு என்று சுட்டிக்காட்டக்கூடியது ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

ஆழமானி:

பியாங்க் 1885-இல் பிரஸ்ஸல்ஸில் கூடிய உள்நாட்டு நீர்வழி மாநாட்டிலிருந்து பிறந்தது. இன்றும் தலைமையகம் அங்கேதான். ஆனால் உங்கள் கேள்விக்கு அதற்கும் முப்பது ஆண்டு முன்னால் போக வேண்டும், டான்யூப் கழிமுகத்துக்கு.

டான்யூப் கருங்கடலில் கலக்கும் சுலினா வாயில் ஒரு மணல்மேடு. மேலே தண்ணீர் ஏறக்குறைய 9 அடிதான். தானியம் ஏற்றிய கப்பல்கள் சரக்கைப் படகுகளில் இறக்கி, மேட்டைத் தாண்டி, திரும்ப ஏற்ற வேண்டும். அதற்குள் புயல் வந்தால் அவ்வளவுதான். 1855-இல் ஒரே புயலில் 24 பாய்மரக் கப்பல்களும் 60 படகுகளும் அங்கே கரைதட்டி 300 பேருக்கு மேல் இறந்தார்கள்.

கிரிமியப் போர் முடிந்து 1856-இல் பாரிஸ் உடன்படிக்கை வந்தபோது ஏழு அரசுகள் சேர்ந்து டான்யூபுக்கு ஓர் ஐரோப்பிய ஆணையம் அமைத்தன. இரண்டு ஆண்டில் வேலையை முடித்துக் கலைய வேண்டியது, எண்பது ஆண்டுக்கு மேல் நீடித்தது. தலைமைப் பொறியாளர் சார்ல்ஸ் ஹார்ட்லி. அவர் நிரந்தர வேலைக்கு உகந்தது என்று சொன்னது வேறொரு கிளையை. பணம் போதவில்லை, அதனால் சுலினாவில் தற்காலிகமாக மரத்தூண்களும் கல்லும் கொண்டு கடலுக்குள் இரண்டு கரைகள் நீட்டினார். ஆறு குறுகியது, வேகம் கூடியது, மணலைத் தானே அரித்துக்கொண்டு போனது. 1861-இல் ஆழம் 17 அடி. தோண்டாமலே கிடைத்த ஆழம் அது!

எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்து நடந்தது. 1862-லேயே ஹார்ட்லி லண்டன் சிவில் பொறியாளர் கழகத்தில் அத்தனை விவரங்களையும் கட்டுரையாகப் படித்தார். பிறகு ஜேம்ஸ் ஈட்ஸ் மிசிசிப்பி வாயில் இதே முறையை முன்வைத்தபோது, முடியாது என்றவர்களுக்கு அவர் காட்டிய சான்றுகளில் ஒன்று சுலினா. ஹார்ட்லி அவருடைய ஆலோசனைக் குழுவிலும் இருந்தார். 1879-இல் மிசிசிப்பியின் தென் வாயில் 30 அடி ஆழம் கிடைத்தது. ஒரு கழிமுகத்தில் எடுத்த அளவுகள் இன்னொரு கண்டத்தில் கால்வாய் திறந்தன.

நீரோட்டம்:

ஆழமானி ஐயா சொன்ன கதையில் ஒரு பக்கம் விட்டுப்போனது. அந்த ஆணையத்துக்குத் தனிக் கொடி, தனி வருமானம், ஆற்றின் மேல் தனி அதிகாரம். ருமேனியா விடுதலை அடைந்த பிறகும் தன் மண்ணில் ஓடும் ஆற்று வாயில் தன் சொல் முழுதாகச் செல்லவில்லை. நாட்டுக்குள் ஒரு நாடு என்று அவர்கள் குமுறியதில் நியாயம் இருந்தது. 1938-இல் சினையா ஒப்பந்தம் வந்த பிறகுதான் அதிகாரம் அவர்கள் கைக்குத் திரும்பியது. 1948-இல் பெல்கிரேடில் எழுதிய புதிய உடன்படிக்கை நிர்வாகத்தைக் கரையோர நாடுகளிடம் மட்டுமே கொடுத்தது.

கரையோரம், உங்கள் மூத்தவர் சொன்ன வார்த்தையை உடனே தள்ளிவிடாதீர்கள் என்பதற்காக எழுதுகிறேன். "கூட்டுறவு" என்ற பெயரில் வலியவர்கள் எளியவர்கள் ஆற்றை நடத்திய காலம் உண்டு. அந்த நினைவு இன்னும் பல நாடுகளில் அழியவில்லை. ஒரு வழிகாட்டி நூல் வரும்போது இதை யார் எழுதினார்கள், யாருடைய கடலை மனதில் வைத்து எழுதினார்கள் என்று கேட்பது ஆரோக்கியமான கேள்வி.

ஆழமானி:

முழுதும் ஒப்புக்கொள்கிறேன். நான் பிரித்துப் பார்ப்பது இதைத்தான்: அதிகாரம் ஒன்று, அறிவு இன்னொன்று. சுலினாவில் அதிகாரம் தவறான கையில் இருந்தது. அளவுகள் எல்லாருக்கும் கிடைத்தன. ரைன் ஆற்றில் ஓரளவு இரண்டும் சரியாக அமைந்தன. 1815 வியன்னா மாநாட்டில் உருவான ரைன் ஆணையம் இன்றும் ஸ்ட்ராஸ்பூரில் இயங்குகிறது. 1868 மான்ஹைம் உடன்படிக்கைப்படி கப்பல் போவதற்காக மட்டும் சுங்கம் வாங்கக் கூடாது, ஒவ்வொரு நாடும் தன் பகுதியைப் பராமரிக்க வேண்டும்.

செம்மிதவை:

இருபத்திரண்டு ஆண்டு கப்பலில் அதிகாரியாக இருந்தேன். பொறியாளர்கள் சுவரையும் ஆழத்தையும் பேசுகிறீர்கள். நான் மிதவையைப் பற்றிப் பேசுகிறேன்.

1971 ஜனவரி 11. டோவர் நீரிணையில் டெக்சகோ கரீபியன் என்ற எண்ணெய்க் கப்பலும் பராகாஸ் என்ற சரக்குக் கப்பலும் மோதின. எண்ணெய்க் கப்பல் வெடித்து மூழ்கியது. மறுநாள் காலை பிராண்டன்பர்க் என்ற ஜெர்மன் கப்பல் அந்தச் சிதைவின் மேலேயே ஏறி மூழ்கியது. அதன் பிறகு விளக்குக் கப்பல் நிறுத்தினார்கள், மிதவைகள் போட்டார்கள். பிப்ரவரி 27 அன்று நிக்கி என்ற கிரேக்கக் கப்பல் அத்தனை அடையாளங்களையும் தாண்டிப் போய் அதே இடத்தில் மோதியது. அதில் இருந்தவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. மூன்று விபத்திலும் சேர்த்து 51 உயிர்.

அப்போது உலகத்தில் முப்பதுக்கு மேற்பட்ட மிதவை முறைகள் இருந்தன. ஒரு நாட்டில் சிவப்பு என்றால் இடப்பக்கம் விடு, இன்னொன்றில் வலப்பக்கம் விடு. ஆபத்தைக் குறிக்கும் நிறம் ஓரிடத்தில் ஒன்று, மற்ற இடத்தில் வேறு. இரவுப் பணியில் இருக்கும் ஒருவர் மழையில் ஒரு பச்சை விளக்கைப் பார்த்து, இது எந்த நாட்டுப் பச்சை என்று யோசிக்க வேண்டிய நிலை. அந்த இடத்தில் நின்றவர்களுக்குத்தான் அந்தப் பயம் புரியும்.

இதைச் சரிசெய்தது ஐயாலா. 1957-இல் தொடங்கிய கலங்கரை விளக்க அதிகாரிகளின் அமைப்பு. பழைய முறைகளை ஒன்றாக்க அதற்கு முன் பல முறை முயன்று தோற்றிருக்கிறார்கள். 1977-இல் வடமேற்கு ஐரோப்பாவில் புதிய முறை கடலில் இறங்கியது. 1980 நவம்பரில் டோக்கியோவில் 50 நாடுகள் கூடி உலகம் முழுவதற்கும் ஒரே விதித்தொகுப்பை ஏற்றன. முழு ஒற்றுமை வரவில்லை. அமெரிக்கக் கண்டங்கள், ஜப்பான், கொரியா, பிலிப்பைன்ஸ் ஆகியவை துறைமுகத்துக்குள் நுழையும்போது சிவப்பை வலப்பக்கம் வைக்கும் பழக்கத்தை விடவில்லை. மற்றவர்களுக்குச் சிவப்பு இடப்பக்கம். சரி, முப்பது இரண்டானது. வரைபடத்தில் "ஏ" பகுதியா "பி" பகுதியா என்று பார்த்தால் போதும். மற்ற குறிகள் எல்லாம் எங்கும் ஒன்றே.

இன்னொரு விஷயம். 2002 டிசம்பரில் ஏறக்குறைய அதே கடலில் டிரைகலர் என்ற கார் ஏற்றிய கப்பல் மூழ்கியது. இரண்டு நாளில் நிக்கோலா என்ற கப்பல் அதன் மேல் ஏறியது. புத்தாண்டு அன்று விக்கி என்ற எண்ணெய்க் கப்பல். முப்பது ஆண்டு கழித்தும் அதே கதை. உயிர்ச்சேதம் இல்லை என்பதே ஆறுதல். அதன் விளைவாகத்தான் புதிதாக மூழ்கிய சிதைவுக்கென்றே நீலமும் மஞ்சளுமாக நெடுங்கோடு போட்ட அவசர மிதவை வந்தது. 2006-இல் சோதனை, 2010-இல் விதித்தொகுப்பில் இடம்.

ஆகவே என்ன மாறியிருக்கிறது என்று கேட்டால், நான் உயிரோடு ஓய்வு பெற்றிருக்கிறேன். அதில் அந்த டோக்கியோ கூட்டத்துக்குப் பங்கு உண்டு என்று முழு மனதோடு நம்புகிறேன்.

கரையோரம்:

செம்மிதவை ஐயா, இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நிக்கி பற்றி இதுவரை எனக்குத் தெரியாது. நன்றி.

ஆனால் மிதவை விஷயத்தில் ஒரே விதி வேண்டும் என்பது எளிதில் புரிகிறது. கப்பல் நாடு விட்டு நாடு போகிறது. சுவரும் பெர்த்தும் (கப்பல் வந்து அணையும் இடம்) ஓரிடத்தில் அசையாமல் நிற்பவை. அதற்கு எதற்கு உலகம் கூட வேண்டும்?

கல்லணைப்பு:

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். அலைதடுப்புச் சுவர் என் தொழில்.

போர்ச்சுகலில் சினேஷ் என்ற இடம். 1970-களில் பெரிய எண்ணெய்க் கப்பல்களுக்காக அங்கே துறைமுகம் கட்டினார்கள். அலைதடுப்புச் சுவர் ஏறக்குறைய 2 கிலோமீட்டர் நீளம், சில இடங்களில் 50 மீட்டர் ஆழத் தண்ணீரில் நின்றது. மேல்போர்வை 42 டன் எடையுள்ள டோலோஸ் என்ற கான்கிரீட் கட்டிகள். தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் துறைமுகத்தில் 1960-களில் உருவான வடிவம் அது, முறுக்கிய எச் எழுத்தைப் போல இருக்கும். ஒன்றோடொன்று கால் கோத்துக்கொள்வதால் குறைந்த எடையிலேயே நிறைய அலையைத் தாங்கும். உலகம் முழுதும் பரவியது.

1978 பிப்ரவரி 26. கட்டுமானம் முடியும் தறுவாயில் ஒரு புயல். டோலோஸ்களில் பெரும்பகுதி போய்விட்டது, மேலே இருந்த கான்கிரீட் சுவரும் பல இடங்களில் சரிந்தது. வடிவமைப்பு அலை, அதாவது தாங்க வேண்டும் என்று கணக்கிட்ட அலை, 11 மீட்டர். அன்று வந்த அலை அதை எட்டவில்லை என்பதே பெரும்பாலோர் கணக்கு.

ஏன்? இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்குப் பதில் இதற்குள்தான் இருக்கிறது. ஒரு கட்டியின் நீள அகல உயரத்தை இரட்டித்தால் எடை எட்டு மடங்காகும். ஆனால் அதன் கால் ஒடியாமல் தாங்கும் குறுக்குப் பரப்பு நான்கு மடங்குதான். அதாவது அசையும்போது உள்ளே எழும் அழுத்தம் இரண்டு மடங்கு. கான்கிரீட்டின் பலமோ மாறவில்லை. சின்ன டோலோஸ் ஆடினால் ஆடிவிட்டு நிற்கும், பெரிய டோலோஸ் ஆடினால் ஒடியும். ஆய்வகத் தொட்டியில் வைத்த மாதிரிக் கட்டிகள் உள்ளங்கை அளவு, அவை ஒடியவே ஒடியாது. ஆகவே சோதனையில் எல்லாம் நன்றாகவே தெரிந்தது. அத்தோடு கட்டியின் எடையைக் கணக்கிட அன்று எல்லாரும் பயன்படுத்திய ஹட்சன் சூத்திரத்தில் அலையின் உயரம் உண்டு, அலையின் கால இடைவெளி கிடையாது. நீண்ட அலைகள் என்ன செய்யும் என்று அந்தச் சூத்திரம் சொல்லாது.

இப்போது யோசியுங்கள். இந்தத் தவறு போர்ச்சுகலின் தவறா? அந்த நாளில் உலகத்தில் எந்த நாட்டுப் பொறியாளரும் இதே தவறைச் செய்திருப்பார். செய்தும் இருந்தார்கள். அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் ஸ்பெயினில் சான் சிப்ரியான், அல்ஜீரியாவில் அர்ஸூ, லிபியாவில் திரிபோலி என்று பெரிய சுவர்கள் ஒவ்வொன்றாக அடி வாங்கின.

மறைத்திருக்கலாம். வழக்கு, காப்பீடு, நாட்டின் மானம் என்று ஆயிரம் காரணம் உண்டு. ஆனால் சினேஷ் சுவரை வெளிநாட்டு வல்லுநர்கள் வந்து பார்த்தார்கள், அமெரிக்க சிவில் பொறியாளர் சங்கத்தின் குழு 1982-இல் அறிக்கை வெளியிட்டது. பியாங்க் பணிக்குழுவில் பல நாட்டவர் பல ஆண்டு உட்கார்ந்து, கல்லடுக்குச் சுவரை எப்படிப் பகுத்தாய்வது என்று 1992-இல் எழுதினார்கள். இடையில் 1988-இல் நெதர்லாந்தின் வான் டெர் மீர், அலைக் கால இடைவெளியையும் சேர்த்துப் புதிய சூத்திரம் கொடுத்தார். இன்று எந்தக் கடலில் சுவர் போட்டாலும் நான் முதலில் கேட்பது இரண்டு: அலையின் காலம் என்ன, கட்டி ஒடியுமா. இரண்டு கேள்வியும் சினேஷ் கற்றுக்கொடுத்தவை.

சுவர் அசையாது, சரிதான். ஆனால் உடைந்த காரணம் நாடு விட்டு நாடு போகும்.

நீரோட்டம்:

கோபே துறைமுகத்தையும் இதோடு சேர்க்கலாம். 1995 நிலநடுக்கத்தில் அங்கே கெய்சன் வகைக் கரைச்சுவர்கள் (பெரிய கான்கிரீட் பெட்டிகளால் ஆனவை) கடல் பக்கமாக 5 மீட்டர் வரை நகர்ந்தன. அடியில் மாற்றிப் போட்ட மணல் இளகியது முக்கியக் காரணம். ஜப்பானியர்கள் ஒவ்வொரு சுவரையும் அளந்து தரவு கொடுத்தார்கள், சுசுமு இயாய் தலைமையில் பியாங்க் குழு 2001-இல் நிலநடுக்க வழிகாட்டி வெளியிட்டது. சுவர் நகரவே கூடாது என்ற பழைய எண்ணம் போய், எவ்வளவு நகர்ந்தால் துறைமுகம் மறுபடி இயங்கும் என்று கணக்குப் போடும் முறை அதில்தான் எல்லாருக்கும் பொதுவானது.

தலைக்கயிறு:

நான் பைலட், கப்பல்களைத் துறைமுகத்துக்குள் வழிநடத்திக் கொண்டுவருபவன். இங்கே எல்லாரும் பாராட்டியே எழுதுகிறீர்கள், ஒரு குறையை நான் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு துறைமுகத்தில் கால்வாயை நீட்டினார்கள். வடிவமைத்தவர்கள் (பெயர் வேண்டாம்) பியாங்க் அட்டவணையைத் திறந்து, கப்பல் அகலத்தின் இத்தனை மடங்கு என்று கூட்டிப் போட்டு வரைபடம் கொண்டுவந்தார்கள். வளைவில் வற்றுநீர் நேரத்தில் குறுக்கே ஓர் ஓட்டம் உண்டு. எங்களில் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்போம். கேட்கவில்லை. திறந்த இரண்டாம் மாதம் ஒரு சரக்குக் கப்பலை நான் உள்ளே கொண்டுவரும்போது பின்பக்கம் அப்படியே கரைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனது. இழுவைக் கப்பல் ஏற்கெனவே கயிறு போட்டிருந்ததால் தப்பித்தோம். அன்று இரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் கூட்டத்தில் எனக்குக் கிடைத்த பதில்: "சர்வதேச வழிகாட்டிப்படிதான் செய்திருக்கிறோம்."

இதைத்தான் அஞ்சுகிறேன். உலகம் எழுதியது என்ற முத்திரை இருந்தால், உள்ளூரில் தெரிந்தவனைக் கேட்க வேண்டியதில்லை என்று ஆகிவிடுகிறது.

கரையோரம்:

தலைக்கயிறு அண்ணா, நீங்கள் சொன்ன அட்டவணையில்தான் நான் தினமும் உட்கார்ந்திருக்கிறேன். கப்பல் நன்றாகத் திரும்பக்கூடியது என்றால் அடிப்படை வழித்தடம் அகலத்தின் 1.3 மடங்கு, நடுத்தரம் என்றால் 1.5, மோசம் என்றால் 1.8. 40 மீட்டர் அகலக் கப்பலுக்கு அது 52, 60, 72 மீட்டர். அதற்கு மேல் குறுக்குக் காற்று, குறுக்கு ஓட்டம், அலை, கரையோரம் என்று ஒவ்வொன்றுக்கும் சேர்க்க வேண்டும். குறுக்கு ஓட்டத்துக்குத் தனி வரியே இருக்கிறது. அதில் எந்த எண்ணைப் போடுவது என்பதற்கு அளவு வேண்டும். அளவு இல்லாதபோது "குறைவு" என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நானே ஒரு முறை அப்படிச் செய்யப் பார்த்திருக்கிறேன்.

ஆழமானி:

அதே அறிக்கை, அட்டவணை முதல்கட்டக் கருத்துருவுக்கு மட்டும் என்று தெளிவாகச் சொல்கிறது. அதற்குப் பிறகு விரிவான வடிவமைப்பு, சிமுலேட்டரில் பைலட்டுகளை உட்காரவைத்து ஓட்டிப்பார்ப்பது என்று போக வேண்டும். 121-ஆம் அறிக்கையைத் தயாரித்ததில் உலகப் பைலட்டுகள் சங்கமும் துறைமுகங்களின் சர்வதேசச் சங்கமும் ஐயாலாவும் பங்கெடுத்தன. அதாவது பைலட்டைக் கேள் என்று எழுதியதில் பைலட்டுகளுக்கே கை உண்டு. அதைப் படிக்காமல் அட்டவணையை மட்டும் கிழித்தெடுத்தவர்கள் செய்த தவறுக்கு உங்கள் கோபம் மிகவும் நியாயமானது.

ஆழத்திலும் இதே கதைதான். 1992 ஆகஸ்டில் குயீன் எலிசபெத் 2 என்ற பயணிகள் கப்பல் அமெரிக்காவின் வைன்யார்டு சவுண்டில் பாறையில் உரசியது. வரைபடத்தில் அந்தப் பாறை இல்லை. அங்கே கடைசியாக ஆழம் அளந்தது 1939-இல், ஈயக்குண்டு கட்டிய கயிற்றால். அத்தோடு வேகமாகப் போகும் கப்பல் ஆழம் குறைந்த தண்ணீரில் கீழே அமிழும், வேகம் இரண்டு மடங்கானால் அமிழ்வு ஏறக்குறைய நான்கு மடங்கு. அதைக் குறைத்து மதிப்பிட்டிருந்தார்கள். சூத்திரம் எத்தனை நாடு கூடி எழுதினாலும், அடியில் என்ன இருக்கிறது என்று யாராவது போய் அளக்காவிட்டால் பயனில்லை. 1921-இல் மொனாக்கோவில் சர்வதேச நீரளவை அமைப்பு தொடங்கியதே இதற்காகத்தான்: அளப்பதும், அளந்ததை எல்லாரும் படிக்கும் ஒரே மாதிரி வரைபடமாக்குவதும்.

வண்டல்:

ஷெல்ட் ஆற்றைப் பற்றி யாரும் எழுதவில்லை, ஆகவே நான்.

ஆண்ட்வெர்ப் துறைமுகம் பெல்ஜியத்தில் இருக்கிறது. கடலுக்குப் போகும் வழி நெதர்லாந்து வழியாக. 1839 உடன்படிக்கையிலிருந்தே பைலட் சேவையும் மிதவைகளும் இரண்டு நாட்டின் கூட்டுப் பார்வையில். ஆற்றை ஆழப்படுத்த வேண்டும் என்று ஒரு நாடு கேட்கும், நம் சதுப்பு நிலமும் கரையும் என்னாகும் என்று மற்ற நாடு கேட்கும். பல பத்தாண்டு இழுபறி.

அதற்கு நடுவில் ஓர் அழகான சோதனை. வால்சோர்டன் என்ற மணல்திட்டின் முனை அரித்துக்கொண்டே போனது. ஆற்றில் தோண்டிய மணலை வழக்கமான இடத்தில் கொட்டுவதற்குப் பதிலாக, 2004-இல் 5 லட்சம் கனமீட்டர் மணலை அந்த முனையில் மெதுவாகப் படியவிட்டார்கள். திட்டு மறுபடி வளர்ந்தால் ஓட்டம் இரண்டாகப் பிரிந்து கால்வாயைத் தானே சுத்தமாக வைத்திருக்கும் என்பது எண்ணம். மணல் பெரும்பாலும் அங்கேயே தங்கியது. 2006-இல் மறுபடி செய்தார்கள். ஹார்ட்லி ஆற்றைக் கொண்டு ஆற்றைத் தோண்டினார் அல்லவா, அந்த வழிதான் இதுவும். ஆனால் இந்த முறை அங்குள்ள உயிரினங்களையும் கணக்கில் சேர்த்து.

பியாங்க் 2008-இல் "இயற்கையோடு வேலை செய்" என்று ஒரு நிலைப்பாட்டு அறிக்கை விட்டது. திட்டம் போட்டுவிட்டுப் பிறகு சேதத்தைக் குறைக்கப் பார்ப்பதை விட்டு, முதலில் அந்த இடம் எப்படி இயங்குகிறது என்று புரிந்துகொண்டு அதற்குள் திட்டத்தைப் பொருத்து என்பது அதன் சாரம். காகிதத்தில் படித்தால் நல்ல வார்த்தை என்று கடந்துவிடுவோம். வால்சோர்டன் தரவைப் பார்த்த பிறகு எனக்கு அது கைவேலை நுட்பமாகத் தெரிந்தது.

கல்லணைப்பு:

தண்ணீரே குறைந்துவிட்டால்? 2018 அக்டோபரில் ரைன் ஆற்றின் காவுப் அளவுகோல் 25 சென்டிமீட்டர் காட்டியது. (அது கால்வாயின் ஆழம் இல்லை, அளவுகோலின் எண். உண்மை ஆழம் அதைவிட ஒரு மீட்டருக்கு மேல் கூடுதல்.) சரக்குப் படகுகள் பாதியும் ஏற்ற முடியாமல் ஓடின. 2023-இல் பனாமா கால்வாயின் காட்டூன் ஏரியில் நீர்மட்டம் தாழ்ந்து ஒரு நாளில் போகும் கப்பல்களின் எண்ணிக்கையையே குறைத்தார்கள், புதிய லாக்குகளில் (கப்பலை நீரால் ஏற்றி இறக்கும் அடைப்புகள்) ஒவ்வொரு முறையும் 60 சதவீதத் தண்ணீரைத் திரும்பப் பிடிக்கும் தொட்டிகள் இருந்தும். இனிமேல் பணிக்குழுக்கள் அதிகம் உட்கார வேண்டியது இந்தப் பக்கம் என்பது என் எண்ணம்.

நீரோட்டம்:

ஒன்றை நேராகக் கேட்கிறேன். பணிக்குழுவில் உட்காருபவர்களுக்கு ஊதியம் இல்லை, பயணச் செலவை அவரவர் நிறுவனம் பார்த்துக்கொள்ள வேண்டும். எந்த நிறுவனம் பார்த்துக்கொள்ளும்? பெரிய ஆலோசனை நிறுவனங்கள், பணக்கார அரசு ஆய்வகங்கள். அறிக்கை உறுப்பினர்களுக்கு இலவசம், மற்றவர்களுக்கு விலை. எழுதப்படுவது பெரும்பாலும் ஆங்கிலத்தில். சேறும் சுழலும் நிறைந்த ஆறுகள், புயல் அடிக்கடி வரும் கரைகள், சின்னத் தீவுகள் ஆகிய இடங்களிலிருந்து எத்தனை பேர் அந்த மேசைக்கு வருகிறார்கள்? வராவிட்டால் அந்த இடங்களின் அளவுகளும் வராது. கரையோரத்தின் மூத்தவர் சொன்னது இங்கே உண்மையாகிறது.

கல்லணைப்பு:

இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை, ஓர் உதாரணம் இருக்கிறது. கப்பல் பெர்த்தில் அணையும் வேகம். ஃபெண்டர் (கப்பல் மோதும் வேகத்தை வாங்கிக்கொள்ளும் மெத்தை) தாங்க வேண்டிய ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும், வேகத்தில் சிறிய பிழை என்றாலும் ஃபெண்டரில் பெரிய பிழை. பல பத்தாண்டுகளாக உலகம் முழுதும் பயன்படுத்தியது 1977-இல் லெனின்கிராட் பியாங்க் மாநாட்டில் புரோல்ஸ்மாவும் மற்றவர்களும் கொடுத்த வளைவுகளை. நெதர்லாந்து அனுபவத்திலிருந்து வந்தவை அவை. நல்ல வேலைதான். ஆனால் இழுவைக் கப்பல் குறைந்த துறைமுகத்துக்கும், அலை உள்ளே வரும் துறைமுகத்துக்கும் அதே வளைவு! வேறு யாரும் அளந்து கொடுக்கவில்லை என்பதால் அதுவே உலகக் கணக்கானது. 2024-இல் வந்த புதிய ஃபெண்டர் வழிகாட்டி (211-ஆம் குழு) உங்கள் இடத்தில் அளந்த வேகங்களைக் கொண்டு நிகழ்தகவு முறையில் வடிவமைக்க வழி திறந்திருக்கிறது. வழி திறந்தால் போதாது, அளப்பவர்கள் வேண்டும்.

கரையோரம், நீங்கள் போங்கள். உங்களைப் போன்றவர்கள் போகாமல் இருப்பதுதான் அந்த மூத்தவர் சொன்னதை உண்மையாக்கும்.

தலைக்கயிறு:

போகும்போது ஒரு பைலட்டையும் பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள் தம்பி. வேறொன்றும் வேண்டாம்.

கரையோரம்:

விண்ணப்பத்தை நேற்றிரவு அனுப்பிவிட்டேன். அதில் "நீங்கள் என்ன கொண்டுவருவீர்கள்" என்று ஒரு கேள்வி இருந்தது. உங்கள் எல்லாருடைய பதிவையும் மறுபடி படித்த பிறகு, பட்டங்களை எழுதியிருந்ததை அழித்துவிட்டு இதை எழுதினேன்: நான் பங்கெடுத்த ஒரு கால்வாயில் தூர்வாரிய பிறகு வண்டல் நாங்கள் கணித்ததைவிட வேகமாக நிரம்பியது. மாதம் ஒருமுறை எடுத்த ஆழ அளவுகள் இருக்கின்றன. கணிப்பு தவறியதால் அதை வெளியே எடுக்க எல்லாருக்கும் தயக்கம். அந்தத் தரவைத் துறைமுக நிர்வாகத்தின் அனுமதியோடு குழுவில் வைக்க முயல்கிறேன் என்று எழுதியிருக்கிறேன். அனுமதி கேட்டுக் கடிதமும் கொடுத்துவிட்டேன். இன்னும் பதில் வரவில்லை.

வண்டல்:

மிக நல்லது. ஒரு முக்கியமான விஷயம், இப்போதே கேட்டுவிடுகிறேன். அந்த அளவுகள் எக்கோ சவுண்டரில் எந்த அதிர்வெண்ணில் எடுத்தவை? 200 கிலோஹெர்ட்ஸில் எடுத்தால் இளகிய சேற்றின் மேற்பரப்பிலேயே எதிரொலி திரும்பிவிடும். 33-இல் எடுத்தால் கீழே உள்ள கெட்டியான படுகை வரை போகும். இரண்டுக்கும் இடையில் ஒரு மீட்டருக்கு மேல்கூட வித்தியாசம் வரலாம். அந்தச் சேறு கப்பல் போகக்கூடிய அளவு இளக்கமானதாக இருந்தால் உங்கள் கால்வாய் நிரம்பவே இல்லை என்றுகூட ஆகலாம். ரோட்டர்டாமில் சேற்றின் அடர்த்தி கனமீட்டருக்கு 1200 கிலோவைத் தொடும் மட்டத்தைத்தான் கப்பலுக்கான தரை என்று எடுத்துக்கொள்கிறார்கள். எல்லா இடத்துச் சேற்றுக்கும் அந்த எண் பொருந்தாது, உங்கள் இடத்தில் அடர்த்தியும் குழைவும் அளந்தே முடிவு செய்ய வேண்டும்.

கரையோரம்:

200-இல் மட்டும்தான் எடுத்திருக்கிறோம் என்று நினைக்கிறேன். அடர்த்தி அளக்கவே இல்லை. நாளை காலை அளவைக் குழுவிடம் போய்ப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, அடுத்த மாத அளவெடுப்பில் 33-ஐயும் சேர்க்க முடியுமா என்று கேட்கிறேன். கேட்டதும் இங்கே எழுதுகிறேன்.